புதன்கிழமை வராத ஸ்டேஷன்

நொச்சிக்காட்டுப்புதூர் போலீஸ் ஸ்டேஷனுக்குள் புதன்கிழமை வராமல் போனதை முதலில் கண்டுபிடித்தவர் ஏட்டு அங்கண்ணன்தான், காலண்டரில் தாள் கிழிப்பது அவர் பொறுப்பு என்பதால். ஆனால் அது ஏன் வரவில்லை என்று முதலில் புரிந்துகொண்டவள் மாவுக்கார மயிலாத்தாள், ஏனென்றால் அந்தப் புதன்கிழமைக்காக ஊரிலேயே அவள் ஒருத்திதான் உண்மையாகக் காத்திருந்தாள், மற்றவர்களுக்கு அது வழக்கமாக வந்துபோகும் இன்னொரு நாள்.

மயிலாத்தாளின் கிரைண்டர் திருட்டுப் போயிருந்தது. அவள் வீடு மாமனார் பேரில் இருந்தது, காடு கொழுந்தன் பேரில் இருந்தது, ரேஷன் கார்டு இன்னமும் செத்துப்போன புருஷன் பேரில் இருந்தது. அவள் தன் பேரைச் சொல்லிக் கடையில் பில் போட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கிரைண்டர்தான், அதில் ஆட்டிய மாவில்தான் மூன்று தெருவுக்கு இட்லி வெந்தது, அது ஓடும் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயங்காலம் ஆனதைத் தெரிந்துகொண்டார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷச் சீருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தபோது, அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. மிக்ஸியில் அரைத்துப் பார்த்தாள். அந்த இட்லியைத் தின்றவர்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் பாக்கெட் மாவுக்கு மாறத் தொடங்கினார்கள், அதுதான் அவளுக்குத் திருட்டைவிடப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் மயிலாத்தாள் என்று ஒரு மாவுக்காரி இருந்ததையே ஊர் மறந்துவிடும்.

ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலில் பெரிய பலகை இருந்தது. இந்த எல்லைக்குள் திருட்டு இல்லை, வழிப்பறி இல்லை, இதர குற்றங்கள் இல்லை என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. எழுதியது பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நொச்சிக்காட்டுப்புதூரில் எது காணாமல் போனாலும் இன்ஸ்பெக்டர் சிவசைலம் அதை எழுதிக்கொள்வதில்லை, எழுதாதது நடக்காதது. அவர் கெட்டவர் இல்லை. கடலோரத்து ஊர்க்காரர், மேற்கே வந்து மாட்டிக்கொண்டவர். குற்றமே இல்லாத ஸ்டேஷன் என்று மாவட்டத்தில் ஒரு ஷீல்டு கொடுப்பார்கள், ஷீல்டு வாங்கினால் கேட்ட ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கும், கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கலாம், மத்தியானம் மீன் குழம்பு தின்னலாம். அதற்காக முருகனுக்கு நேர்ந்துகொண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வேளை மட்டும், அதுவும் உப்பில்லாமல் சாப்பிட்டு வந்தார்.

மயிலாத்தாள் போன அன்றைக்கு, ஏதோ பந்தோபஸ்து இருப்பதாகச் சொல்லி நாளைக்கு வரச் சொன்னார். மறுநாள் போனாள், எழுதுகிற ஆள் இல்லை, நாளைக்கு வா. அதற்கும் மறுநாள் பேனா இருந்தது, ஆள் இருந்தார், கரண்ட் இல்லை, நாளைக்கு வா. இப்படியே போய் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்து நின்றது. மறுநாள் புதன்கிழமை எஸ்.பி. வந்து ஷீல்டு தருவதாக இருந்ததால், வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைம்மா. வெறுவாய். எதையும் தொடங்கக் கூடாது. நாளைக்கு வா," என்றார் சிவசைலம்.

"நாளைக்கு வந்தா எழுதிக்குவீங்களா?"

"கண்டிப்பா எழுதுறேன். நாளைக்கு எழுதலைன்னா என்னை ஏன்னு கேளு."

"சரிங்க. அப்ப நாளைக்குத்தானுங்க," என்றாள் மயிலாத்தாள். சாபம் விடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவர் சொன்ன நாளையை அவள் முழுசாக நம்பினாள், அவ்வளவுதான் செய்தாள்.

மறுநாள் ஊர் முழுக்கப் புதன்கிழமை விடிந்தது. ஏட்டு அங்கண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து, அரிசி மண்டி கொடுத்த காலண்டரில் செவ்வாயைக் கிழித்தார். கீழே செவ்வாய் இருந்தது. அச்சடித்தவன் ஒட்டிவிட்டான் போல என்று அதையும் கிழித்தார். செவ்வாய். எச்சிலைத் தொட்டுத் தொட்டு அவர் கிழித்துப்போட்ட தாள்கள் காலடியில் குவிந்தன, அத்தனையிலும் மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம் என்று போட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே போய் டீக்கடைக்காரரிடம் கிழமை கேட்டார். புதன் என்றார். உள்ளே காலை வைத்தார். செவ்வாய்க்கிழமையின் சோம்பல் அப்படியே உடம்பில் ஏறிற்று.

"அய்யா, வெளியில புதன் ஆயிருச்சுங்க. நம்ம காம்பவுண்டுக்குள்ளதான் இன்னும் ஆகலைங்க," என்று இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார்.

சிவசைலம் யோசித்தார். அந்த நேரம் மயிலாத்தாள் மாவு வாளியோடு படியேறி வந்தாள். "நாளைக்கு வரச் சொன்னீங்க," என்றாள். அவர் காலண்டரைக் காட்டினார். "பாரும்மா, இன்னும் செவ்வாய்தான். நான் சொன்ன சொல் மாற மாட்டேன். நாளைக்கு வா." இத்தனை வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை அவர் மனசாட்சி குத்தாமல் சொன்னது அதுதான் முதல் தடவை, அதனால் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

ஆனால் பதினோரு மணிக்கு எஸ்.பி. ஷீல்டோடு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவருக்குப் புதன்கிழமை. கேட்டைத் தாண்டி இரண்டடி வைத்ததும் நின்றார், நெற்றியைத் தேய்த்தார். "விழா நாளைக்குத்தானேய்யா? நான் எதுக்கு இன்னிக்கே வந்தேன்?" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார். வெளியே போனதும் நினைவு வந்து மறுபடி வந்தார், மறுபடி திரும்பினார். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்தடுத்த நாளும் அந்த ஷீல்டு வாசல் கேட் வரைக்கும் வந்து கும்பிடு வாங்கிக்கொண்டு போனது.

மயிலாத்தாள் வீட்டுக்குப் போகவில்லை. போகிற நேரத்தில் நாளை வந்துவிட்டால் என்ன செய்வது? காம்பவுண்டுக்குள் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே ஒருவன், இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு தள்ளுவண்டியின் நிழலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நஞ்சப்பன் என்று பேர் சொன்னான்.

"உங்களையும் நாளைக்கு வரச் சொன்னாங்களாக்கா?"

"ஆமா சாமி. உன்னைய?"

"நானும் தெனமும் வர்றனுங்க. இந்த ஸ்டேசன்ல அப்படியெல்லாம் எழுத மாட்டோம், நாளைக்கு வாங்கறாங்க. இடுப்புப் புடிச்சுக்கிச்சு, வண்டியத் திருப்பித் தள்ள முடியல. அதான் இங்கியே கெடக்கறேன்."

வண்டியில் என்ன என்று அவள் கேட்கவில்லை. அடுத்தவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சாய்ந்துகொள்ள வாகாக இருந்ததால் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். கான்ஸ்டபிள்கள் துவைத்த பனியனை அதன்மேல்தான் காயப்போட்டார்கள். பசித்தபோது தன்னிடமிருந்த பன்னில் பாதியைப் புட்டு அவனுக்குக் கொடுத்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வாளியிலிருந்த மிக்ஸி மாவு இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை என்பதைப் பார்த்தாள். மாவு புளிக்க ஒரு ராத்திரி கழிந்து மறுநாள் வரவேண்டும். அங்கே மறுநாள் இல்லை. அவள் இதை வருத்தத்தோடு நஞ்சப்பனிடம் சொன்னாள், அவன் டீக்கடையில் சொன்னான், டீக்கடைக்காரர் அன்றைக்கே பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பின்னால் ஊரே, புளித்துவிடக் கூடாத மாவு வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. பூக்கடை துளசிமணி மல்லிகைக் கூடைகளைக் கொண்டுவந்தாள். குற்றவாளியே இல்லாத ஸ்டேஷன் என்பதால் லாக்கப் காலியாகக் கிடந்தது, அங்கண்ணன் அதைத் திறந்துவிட்டார், மல்லிகை கம்பிக்குப் பின்னால் வாடாமல் மணத்துக்கொண்டிருந்தது. கறிக்கடை சிக்கந்தர் பாய், விற்காமல் மிஞ்சிய தொடைக்கறியைத் துப்பாக்கி வைக்கிற அலமாரியில் வைக்க அனுமதி வாங்கினார். கல்யாண வீட்டில் மீந்த பந்திச் சாப்பாடு வயர்லெஸ் மேஜைக்கு அடியில் சூடாகவே இருந்தது. நாளையிலிருந்து குடிப்பதில்லை என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்த ஒரு லாரி டிரைவர், ஒரு பாட்டிலோடு வந்து விசிட்டர் பெஞ்சில் குடியேறினார், அவரை யாரும் பொய்யன் என்று சொல்ல முடியவில்லை. ஊருக்கு அந்த ஸ்டேஷன் கட்டிய நாளிலிருந்து இப்போதுதான் உபயோகமாக இருக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கஷ்டப்பட்டவர் சிவசைலம் மட்டும்தான். குவார்ட்டர்ஸ் அதே காம்பவுண்டுக்குள் இருந்ததால் அவருக்கு எழுந்தாலும் செவ்வாய், படுத்தாலும் செவ்வாய், ஒரு வேளைச் சோறு, அதிலும் உப்பில்லை. எதிரே மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை வறுவல் வாசம் வந்தது. கேட்டைத் தாண்டினால் தின்னலாம், ஆனால் முதுகுக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டு முன்னால் கோழி தின்றால் முருகன் எந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பான் என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஷீல்டை நம்பி மேலிடத்திலிருந்து டிரான்ஸ்ஃபர் உத்தரவும் வந்துவிட்டது. அதில், நாளை முதல் விடுவிக்கப்படுகிறார் என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, மயிலாத்தாளுக்குத்தான் கிடைக்கவில்லை. அவள் ஊருக்குள் போய் ஆள் கூப்பிட்டாள். நாலு பேர் கூட வந்து கேட்டால் எழுதாமல் எங்கே போவார் என்று அவளுக்குத் தோன்றியது. பூக்கடையில் அன்றைக்கு வியாழன்.

துளசிமணி பூக்கட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "வர்றேன் மயிலா, வராம என்ன. ஆனா யோசிச்சுப் பாரு, அந்தாளு எழுதிட்டாருன்னா புதன் வந்துரும். புதன் வந்தா என்ற மல்லி என்னாகறது? நாளைக்குப் பாத்துக்கலாம்."

சனிக்கிழமை சிக்கந்தர் பாயிடம் போனாள். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நாளைக்கு ஞாயிறு, யாவாரம் முடியட்டும், கண்டிப்பா நாளைக்கு வர்றேன்," என்றார்.

மயிலாத்தாளுக்கு அழுகை வந்தது. இன்ஸ்பெக்டர் சொன்னபோது வராத அழுகை. போலீஸ்காரர் நாளைக்கு என்று சொல்வது அவர் உத்தியோகம். தன் மாவில் இட்லி தின்று வளர்ந்த ஊர் அதையே சொன்னால் யாரிடம் போவது? ஆனால் அவர்கள் சொன்ன நாளையையும் அவள் நம்பினாள். வேறு மாதிரி இருக்க அவளுக்குத் தெரியாது.

பூக்கடையில் வெள்ளிக்கிழமை வரவில்லை. ஊரில் எல்லாக் கோயிலிலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் அலைமோதியது. பூ வாங்க வந்தவர்கள் துளசிமணியின் கடைப் படியில் காலை வைத்ததும், இன்றைக்கு வியாழன்தானே, பூ நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பினார்கள். அவளும் லாக்கப் நிறைய மல்லிகையை வைத்துக்கொண்டு வியாழக்கிழமையில் உட்கார்ந்திருந்தாள். சிக்கந்தர் பாய் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்தவர்கள், வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமையில் கறி வாங்க வந்துவிட்டோமே என்று. பாய் மூன்று ஆட்டை உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் மயிலாத்தாளிடம் நாளைக்கு என்று சொன்ன தையற்கடை, சலூன், ஒரு பல் டாக்டர் எல்லாரும் அவரவர் கிழமையில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரே தெருவில் ஏழு கிழமையும் இருந்தன. பால்காரர் எந்த வீட்டுக்கு எந்த நாள் பால் ஊற்றினோம் என்று தெரியாமல் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். துளசிமணிதான் முதலில் கடையைச் சாத்தினாள். "எந்திரிங்க எல்லாரும். நாளைக்கில்ல, இப்பவே போலாம்," என்றாள். ஊர் கிளம்பிற்று. வியாழனும் சனியும் திங்களும் ஒன்றாகச் சேர்ந்து செவ்வாய்க்கிழமைக்குள் நுழைந்தன.

சிவசைலம் கூட்டத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "நாளைக்கு..." என்று தொடங்குவதற்குள் சிக்கந்தர் பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், வேணாம் சார். இருக்கிறது போதும்."

மயிலாத்தாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டவேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாள். அவரைக் கிட்டத்தில் பார்த்ததும், உப்பில்லாமல் தின்று தின்று முகம் வெளுத்திருந்ததால், திட்ட வரவில்லை.

"அய்யா, நீங்க உங்க ஊருக்குப் போகோணும். நான் மாவு ஆட்டோணும். ரெண்டு பேருமே நாளைக்காகத்தானுங்க காத்துக் கெடக்கறோம். அந்த நாளை உங்க பேனாவுக்குள்ள இருக்குது. தெறந்து விடுங்க."

"எழுதினா ஷீல்டு போயிரும்மா," என்றார் சிவசைலம், முதல் தடவையாக உண்மையைச் சொல்லி.

"அது வந்தாப்பலயும் இல்லீங்களே," என்றார் பின்னாலிருந்து ஏட்டு அங்கண்ணன்.

சிவசைலம் எஃப்.ஐ.ஆர். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். திறந்தே பார்க்காததால் தாள்கள் ஒட்டிப்போயிருந்தன, பிளேடால் பிரிக்கவேண்டியிருந்தது. காணாமல் போன பொருள், கிரைண்டர் ஒன்று. சொந்தக்காரர் பெயர், மயிலாத்தாள். அந்த இடத்தில் தன் பேரை அவர் எழுதுவதை அவள் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும், ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியிலிருந்து ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"எழுத ஆரம்பிச்சுட்டீங்களா? அப்ப என்னோடதையும் எழுதிக்குங்க. அந்தக் கிரைண்டரை எடுத்தவன் நாந்தானுங்க. தூக்கறப்பவே இடுப்புப் போச்சு. திருப்பிக் குடுத்துர்லாம்னு வந்தா, இந்த ஸ்டேசன்ல திருட்டே கெடையாது, நீ எப்படித் திருடுவே, நாளைக்கு வாங்கறாரு."

நஞ்சப்பன் தார்ப்பாயை இழுத்தான். காயப்போட்ட பனியன்களோடு அது சரிந்து விழுந்தது. மயிலாத்தாள் இத்தனை நாளும் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தது தன் கிரைண்டரின்மேல். அவள் நஞ்சப்பனைப் பார்த்தாள்.

"பாவி, என்ற பன்னுல பாதியப் புட்டுத் தின்னியேடா."

"அதனாலதானுங்கக்கா சொல்ல வாய் வரல."

சுவரில் செவ்வாய்க்கிழமைத் தாள் தானாகக் கழன்று விழுந்தது. கீழே புதன்.

தேங்கி நின்ற அத்தனை நாளைகளும் ஒரேயடியாக உள்ளே வந்தன. பால் கேன்கள் திரிந்தன. லாக்கப் மல்லிகை ஒரு பெருமூச்சு விட்டுப் பழுத்தது. துப்பாக்கி அலமாரியைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சிவசைலத்துக்கு நெஞ்சு வரைக்கும் தாடி இறங்கிற்று. லாரி டிரைவர் பாட்டிலை ஒரு தடவை பிரியத்தோடு பார்த்துவிட்டு ஏட்டிடம் கொடுத்தார். ஊரார் கொண்டுவந்து வைத்திருந்த மாவு வாளிகளெல்லாம் சேர்ந்தாற்போல் புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளி, ரைட்டர் மேஜையைச் சுற்றி, படி வழியாக இறங்கி வாசலுக்கு ஓடியபோது, எஸ்.பி. ஷீல்டோடு அதில் காலை வைத்தார். இந்தத் தடவை அவர் திரும்பிப் போகவில்லை, வழுக்கிக்கொண்டே உள்ளே வந்து சேர்ந்தார்.

"என்னய்யா இது?"

"மாவு சார். புளிச்சிருச்சு," என்றார் சிவசைலம் தாடிக்குள்ளிருந்து.

"குற்றம் எதுவும் இல்லைதானே?"

 ஷீல்டு பளபளவென்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிவசைலத்தின் நாக்கு தன் பழைய இடத்தைத் தேடிப் போவதை மயிலாத்தாள் பார்த்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒரு திருட்டு சார். எழுதியாச்சு. ஆளும் கிடைச்சாச்சு, பொருளும் கிடைச்சாச்சு."

எஸ்.பி. ஷீல்டை டிரைவரிடம் நீட்டினார். அப்போது மயிலாத்தாள் முன்னால் வந்தாள். "சாமி, என்ற கிரைண்டரை எப்பங்க குடுப்பீங்க?"

"அது கேஸ் பொருள்மா. கோர்ட்டுக்குப் போய்த்தான் வரணும். அதுக்கு என் ஆபீஸ்ல ஒரு லெட்டர் போடணும்," என்ற எஸ்.பி., பூட்ஸிலிருந்த மாவை வழித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஆபீஸ் பக்கம் வா."

சிவசைலம் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தப் போனார். எட்டவில்லை.

"சரிங்க. நாளைக்குத்தானுங்க," என்றாள் மயிலாத்தாள்.

வியாழக்கிழமை ஊருக்கெல்லாம் ஒரே வியாழனாக விடிந்தது. மயிலாத்தாள் விடிகாலையிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு, மத்தியானம் எஸ்.பி. ஆபீசுக்கு பஸ் ஏறுவதற்காகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. எஸ்.பி.யின் டிரைவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல இன்னும் புதன்கிழமையாவே இருக்குதுங்க. அய்யா பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். லெட்டர் போட்டு, கோர்ட்டுல ஓடி உத்தரவு வாங்கி எல்லாம் ஆச்சு. கிரைண்டர் வந்துருச்சு, போதும்னு ஒரு தடவை மட்டும் சொல்லிருங்க."

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து சிவசைலமும் அங்கண்ணனும் கிரைண்டரைக் கட்டிப்பிடித்து இறக்கினார்கள். அந்த வெள்ளைத் தடத்தின்மேல் சரியாகக் கொண்டுபோய் வைத்தார்கள். மயிலாத்தாள் கல்லைக் கழுவி, ஊறியதைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். அது ஓடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டில் யாரோ, அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். சிவசைலம் போகாமல் நின்றார்.

"இட்லி எப்பம்மா கிடைக்கும்?"

மயிலாத்தாள் மாவை வழித்து வாளியில் ஊற்றினாள், கல்லுப்புப் போட்டுக் கையால் கலக்கினாள், மூடி வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நாளைக்கு வாங்க."

நாளை வந்தது. மாவு பொங்கியிருந்தது.